சங்கிலிக்கு வார்த்த தீப எண்ணெய்

ஆடி பிறந்ததும் உடப்பு ஊரின் மீது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று இறங்கியது. மேற்கே கடல், கிழக்கே உப்பங்கழி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கரை. வருகின்ற காற்றைத் தடுக்க ஒரு மேடும் அங்கில்லை. கடல் தன் நீலத்தை இழந்து, நீர் கூட்டிய மோரின் நிறமாய் வெளிறிக் கிடந்தது. அலைகள் கரையை எட்டுமுன்பே உடைந்தன. உடைந்த நுனிகள் நுண்துளியாகிக் காற்றில் ஏறி ஊருக்குள் புகுந்து, ஓட்டிலும் கதவிலும் உலரும் துணியிலும் படிந்தன. தென்னங்கீற்றுகள் இரவும் பகலும் ஒரே திசைக்குச் சாய்ந்து நின்றன. படகுகள் கரையேறி வரிசையாய்க் கிடந்தன. மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டனர்; வாய் திறந்தால் பல்லில் மணல் நெரிபட்டது. இரும்புக்கு இது நோய்க்காலம். பூட்டு இறுகும், ஆணித்தலை சிவக்கும், நேற்றுத் துடைத்த கத்தியில் இன்று புள்ளி விழும். கடல் தொழில் மறுக்கும் இந்நாட்களில்தான் அம்மன் கோயிலில் கொடி ஏறும். விழா பதினெட்டு நாள். இறுதி நாள் தீமிதிப்பு.

அவ்வாண்டு கொடியேறிய அன்று பூசகர், மீனவன் மனைவி கோசலாவின் வலக்கையில் மஞ்சட்கயிறு கட்டினார். அவள் வேண்டிக்கொண்டபடி, அவளுடைய துவிச்சக்கரவண்டியின் கைப்பிடியிலும் ஒரு கயிறு கட்டினார்.

அவ்வாண்டு வைகாசியில் அவள் கணவன் யசோதரனின் படகு நடுக்கடலில் இயந்திரம் நின்று, இரண்டு நாள் காற்றின் போக்கில் மிதந்தது. மூன்றாம் நாள் ஆலங்குடா மீனவர் கண்டு கரைக்கு இழுத்துவந்தனர். அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அந்த இரண்டு நாளில், கோசலா ஈரமணலில் நின்று ஒரு நேர்த்திக்கடன் வைத்தாள். அவன் மீண்டு வந்தால், ஆடி விழாவின் பதினெட்டு நாளும், இயந்திரம் எதையும் நாடாமல், தன் காலால் மிதித்துப் போய்த் தாமரை கொண்டுவந்து விடியற்பூசைக்கு அம்மன் அடியில் வைப்பதாக. ஒருநாள் பிசகினாலும் நேர்த்தி பிசகியதே. காப்புக் கட்டிய வண்டியை இடையில் மாற்றவும் இயலாது. கட்டிய கயிறு பதினெட்டாம் நாள்தான் அவிழும்.

உடப்பின் உவர்மண்ணில் தாமரை பூப்பதில்லை. கழியின் பாலம் கடந்து கிழக்கே ஏழு கிலோமீற்றர் போனால், மர்ளியாவின் தென்னங்காணியும் அதன் ஓரமாக ஒரு நன்னீர்க் குளமும் உண்டு. மர்ளியா ஒருகாலத்தில் தென்னந்தும்பு ஆலையில் கோசலாவுக்கு அருகிருந்து வேலை செய்தவள். நேர்த்தியைப் பற்றிக் கேட்டதும், பதினெட்டு நாளும் வந்து பறித்துக்கொள், வாசலில் நின்று கூப்பிடவும் வேண்டாம் என்றாள். சொன்னதோடு நில்லாமல், வைகறையின் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தானே குளத்தடிக்கு வந்து, தண்டு ஒடியாமல் பூவைப் பறித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்துக் காத்திருந்தாள்.

யசோதரனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவனுக்காக வைத்த நேர்த்தி. பூக் கொண்டுவருவதில் அவன் உதவலாகாது என்பது கோசலாவின் கண்டிப்பு. மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்றதையும் மறுத்துவிட்டாள். ஆகவே அவன் தனக்கென ஒரு பங்கைத் தானே தேடிக்கொண்டான். அந்திப்பூசை முடிந்தபின், அம்மன் விளக்கில் எரிந்து மிஞ்சிய எண்ணெயைப் பூசகரிடம் கேட்டு ஒரு சிறு போத்தலில் வாங்கி வருவான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் உச்சியில் தடவும் எண்ணெய் அது. அதை வண்டியின் சங்கிலி முழுவதும் வழிய வழிய ஊற்றுவான். நாளை இவள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் அம்மன் துணை இருப்பாள் என்பது அவன் எண்ணம். கோசலாவும் தன் பங்குக்குச் செவ்வாயும் வெள்ளியும் கிணற்று நீர் அள்ளி வண்டியைக் குளிப்பாட்டி, மஞ்சள் நீர் தெளித்து, சங்கிலிக்கும் சேர்த்துத் திருநீறு பூசினாள். அன்பிலும் பத்தியிலும் இருவரும் குறைவைக்கவில்லை.

பத்தாம் நாளிலிருந்து வண்டி முனகத் தொடங்கியது. பதினான்காம் நாள் விடியலில், பாலத்தின் ஏற்றத்தில் சங்கிலி இறுகி, பற்சக்கரத்திலிருந்து தாவி விழுந்தது. காற்று எதிரே இல்லை, சுமையும் இல்லை. ஆனாலும் மிதி நகரவில்லை. கோசலா கையால் அதை ஏற்றி மிதித்தாள். மறுபடி விழுந்தது. ஐந்து முறை ஏற்றி இறங்கிக் குளத்தடியை அடைந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது.

மர்ளியாவின் கணவர் ஜபாரைக் கோசலா அண்ணன் முறையில் ‘நானா’ என்பாள். அவர் பாலாவி உப்பளத்தில் இருபது ஆண்டு வேலை செய்துவிட்டு இப்போது காணியைப் பார்த்துக்கொள்பவர். அந்த இருபது ஆண்டும் உப்பு வரம்பின் மேல் ஓடிய அவருடைய வண்டி இன்றைக்கும் சத்தமில்லாமல் உருளும். கோசலா வரும் ஓசையைக் கேட்டே அவர் வாசலுக்கு வந்தார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலியில் விரலை வைத்து இழுத்தார். விரல் நுனியில் கருங்களி போல ஒன்று ஒட்டி வந்தது. அதை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு என்ன எண்ணெய் ஊத்தின?"

"அம்மன்ட விளக்கு எண்ணெய், நானா. அவர்தான் ஒவ்வொரு நாளும் ஊத்துறவர்."

ஜபார் மீண்டும் விரலைப் பார்த்தார்.

"எண்ணெய் ஈக்கிது, மஞ்சள் ஈக்கிது, திருநீறும் ஈக்கிது. கறிக்கு உப்பு மட்டும்தான் குறை. அதயும் காத்து போட்டுட்டு."

பிறர் நேர்த்தியை வைத்து என்ன பகிடி என்று மர்ளியா அவரை அதட்டினாள். அவர் பகிடியை விட்டு, சங்கிலியின் ஒரு கண்ணியை வளைத்துக் காட்டினார். வளைந்த கண்ணி நிமிரவில்லை. விளக்கு எண்ணெய் நாலு நாளில் பசையாகிவிடும் என்றார். சோளகத்தில் பறக்கும் மணல் அந்தப் பசையில் வந்து குந்தும். பிறகு ஒவ்வொரு மிதியும் இரும்பை இரும்பால் அராவுவதுதான். ஆடியில் உடப்புக் கிணறுகள் உவர்த்துப்போவதால், கழுவக் கழுவ மூட்டுக்குள் உப்புத்தான் ஏறும். இவற்றை அவர் யாரையும் குறைகூறாமல், மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

"எண்ணெய் உள்ளுக்க ஈக்கணும். வெளிய ஈந்தா அது மண்ணுக்கு வைக்கிற விருந்து."

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சங்கிலியை இறுகப் பிடித்து நாலைந்து சுற்றுத் துடைத்துவிட்டு, இன்றைக்குக் கோயில் மட்டும் போகும், நாளைக்குப் போகுமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வண்டியை இங்கே விட்டுப்போனால் மாலைக்குள் செய்து தருவதாகவும் சொன்னார். ஆனால் கோசலா அதை விட்டுப் போவதெப்படி? பூ போக வேண்டும். அந்த வண்டியில்தான் போக வேண்டும். அப்படியானால் வீட்டிலேயே செய்துகொள் என்று, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார். மர்ளியா உள்ளே போய்த் தன் தையல் இயந்திரத்தின் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து பூவோடு வைத்தாள்.

கோயிலில் முதல் மணி அடித்து முடிந்தபோது கோசலா தாமரையை அம்மன் அடியில் வைத்தாள். பூசகர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பூசையைத் தொடங்கினார்.

இனி நான்கு விடியல்கள். ஊரில் வண்டி திருத்துபவர் வீரகத்தி ஒருவர்தான். அவரும் தீமிதிக்கக் காப்புக் கட்டிக் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தார். கடைச் சாவியோ சிலாபத்துக்குப் போன அவர் மகனிடம் இருந்தது. பக்கத்து ஊரான முந்தலில் ஒரு கடை உண்டு. அன்று பௌர்ணமி விடுமுறையான போயா நாளாதலால் அதுவும் திறவாது. ஆக, நாளை விடியுமுன் அந்த வண்டி ஓட வேண்டுமானால் அதை ஓடவைக்க வேண்டியவள் அவளே.

வீட்டு முற்றத்தில் யசோதரன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வண்டியின் சத்தம் கேட்டு எழுந்து வந்து, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டான். கோசலா நிகழ்ந்ததைச் சொன்னாள். ஓரிடத்தில் அவளுக்குச் சொல் தடைப்பட்டது. ஆனால் சொல்லாமல் விட்டால் இன்று மாலையும் அவன் போத்தலோடு வருவான்.

"எண்ணெயாலதான் இறுகினது எண்டு ஜபார் நானா சொல்றார்."

"எந்த எண்ணெய்?"

"நீங்க ஊத்தின எண்ணெய்."

யசோதரன் சங்கிலியைப் பார்த்தான்.

"தலையில வச்சாக் காய்ச்சல் போற எண்ணெய் அது."

"ஓம். தலையில வச்சா."

அவன் வலையூசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான். கோசலா அவன் முதுகைப் பார்த்து நின்றாள். கூப்பிட அவளுக்கு நேரமில்லை.

காற்று அதிகம் படாத சமையற்கட்டின் பின்புறத்தில் வண்டியைக் கவிழ்த்து நிறுத்தினாள். சங்கிலியின் எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி, ஒன்றுமட்டும் பூட்டுக்கண்ணி. அதன் மேல் நகத்துண்டளவு ஒரு தகட்டுக்கவ்வி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் சங்கிலி அவிழும். மிதியைச் சுழற்றிச் சுழற்றி, களிம்பைக் கீறிக் கீறி, அதைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. சிறு குறட்டால் கவ்வியைப் பிடித்து நெம்பினாள். அசையவில்லை. மண்ணெண்ணெய் இரண்டு துளி விட்டுப் பொறுத்திருந்து மறுபடி நெம்பினாள். அது விடுபட்டது, விடுபட்ட வேகத்தில் குறட்டிலிருந்து துள்ளி, வெயிலில் ஒருகணம் மின்னி, அப்பால் முற்றத்து மணலில் விழுந்தது. அது விழுந்த இடத்தைக் காற்று உடனே மூடியது.

கோசலா அசையாமல் நின்றாள். நடந்தால் மிதித்து ஆழப் புதைத்துவிடக்கூடும். பிறகு மெல்ல முழங்காலில் இறங்கி, விரல்களால் மணலைக் கோதத் தொடங்கினாள். சிப்பித்துண்டு கிடைத்தது, மீன்முள் கிடைத்தது, துருவேறிய ஊசி ஒன்று கிடைத்தது. கவ்வி கிடைக்கவில்லை. அது இல்லாமல் சங்கிலியைக் கோக்க முடியாது. கம்பியால் கட்டினால் பாலத்தின் ஏற்றத்திலேயே அறும். பதினான்கு நாள் மிதித்ததெல்லாம் நகத்துண்டளவான அந்தத் தகட்டில் வந்து நின்றது. அவள் வாய்க்குள் அம்மனின் பெயரைச் சொல்லிக்கொண்டே மணலைக் கோதினாள்.

நிழல் விழுந்தது. யசோதரன் திரும்பி வந்திருந்தான். எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டான். அவள் சுண்டுவிரலின் நகத்தைக் காட்டினாள். அவன் தலையசைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்க் கூனி வலையைக் கொண்டுவந்தான். கூனி என்பது நெல்மணியளவான இறால். கழியில் அதை அரிக்கும் வலைக்கு, துணி போன்ற நெருங்கிய கண்.

"எழும்பாத. இருந்த இடத்தில இரு," என்றான்.

அவள் முழங்காலைச் சுற்றி ஒரு வட்டம் கீறி, அதற்குள் இருந்த மணலைத் தேங்காய்ச் சிரட்டையால் மேல்வாக்காக வழித்து வலையில் கொட்டினான். இருவரும் இரண்டு முனையைப் பிடித்து அரித்தனர். மணல் வலைக்கண்ணால் ஒழுகிக் காற்றோடு பறந்தது. இருவர் கண்ணும் சிவந்தன. சலித்து மிஞ்சியதை அவன் உள்ளங்கையில் ஏந்தித் தடவுவான். பிறகு அடுத்த சிரட்டை. கடலில் வலை பார்க்கும் பொறுமை அவனிடம் இருந்தது. எத்தனை முறை அரித்தார்களென்று தெரியாது. வட்டத்தில் பாதி தீர்ந்தபோது வலையின் நடுவில் ஏதோ மங்கலாய்ப் பளபளத்தது. அவன் அதை இரண்டு விரலால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"கூனி பிடிபட்டுட்டு."

காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத சிரிப்பு அப்போது வந்தது. அந்தத் தகட்டைத் தாலிக்கொடியின் ஊக்கில் கோத்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

சங்கிலியை உருவி, பழைய மாஜரீன் டப்பாவில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டாள். மண்ணெண்ணெய் கறுத்தது, அடியில் மணல் ஒரு விரற்கடை படிந்தது. பற்தூரிகையால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். கறுத்ததைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றி மறுபடி தேய்த்தாள். மூன்றாம் முறை மண்ணெண்ணெய் தெளிவாக நின்றது. இறுகியிருந்த ஒவ்வொரு கண்ணியையும் இருகையாலும் இப்புறமும் அப்புறமும் வளைத்து வளைத்து இளக்கினாள். யசோதரன் கேளாமலே, குழாயில் வரும் நன்னீரை வாளியில் பிடித்துவந்து வைத்தான். உப்பில்லாத குடிநீர் அது, அதில் துணி நனைத்துச் சக்கரக் கம்பிகளிலும் மிதிகளிலும் ஏறியிருந்த உப்பை அவள் துடைத்தெடுத்தாள். பற்சக்கரங்களின் இடுக்கில் இருந்த களிம்பை ஈர்க்கால் கிளறினாள். பதினான்கு நாள் மஞ்சளும் நீறும் எண்ணெயும் அங்கே அடுக்கடுக்காய் இருந்தன. அவற்றைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வாழையிலையில் சேர்த்து முற்றத்துச் செவ்வரளியின் அடியில் புதைத்தாள்.

சங்கிலி உலர்ந்ததும் பல்லில் ஏற்றி இரு முனையையும் கூட்டினாள். கவ்வியைப் போடுமுன் ஜபார் சொன்னதை நினைவில் கொண்டுவந்தாள். அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும். பிளந்த முனை முன்னே நின்றால் ஓட்டத்தில் தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். யசோதரன் அதைக் குனிந்து பார்த்து, மீன் போலத்தான் இருக்கிறது, மீனும் தலையாலேதானே போகும் என்றான். அவள் தலையை முன்வைத்து அழுத்தினாள். கிளிக்கென்று பூட்டியது.

பிறகு மர்ளியாவின் போத்தல். ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு துளி, ஒன்றுக்கு மேல் இல்லை. பின்சக்கரத்தின் சுழல்பல்லுக்கு இரண்டு துளி. பிரேக்கின் மூட்டுகளுக்கு ஒவ்வொன்று; சக்கர வளையத்தில் ஒரு பொட்டும் படக்கூடாது. விட்டபின் மிதியைப் பின்னோக்கிப் பலமுறை சுழற்றி, எண்ணெய் உள்ளே இறங்கும் வரை காத்திருந்து, பழந்துணியால் சங்கிலியின் புறத்தை ஈரமே இல்லாமல் துடைத்தாள். இத்தனையும் செய்து எண்ணெயைத் துடைத்துவிடுவதா என்று யசோதரனுக்கு வியப்பு. அவள் மிதியைச் சுழற்றிவிட்டாள். சக்கரம் சுழன்றது, கம்பிகள் கண்ணுக்கு மறைந்தன. கைப்பிடியில் கட்டிய மஞ்சட்கயிறு மட்டும் காற்றில் துடித்தது. சத்தம் இல்லை.

யசோதரன் கூனி வலையைச் சுருட்டினான்.

"அப்ப நான் இனி என்ன செய்யிறது?" என்றான்.

"இது மெல்லிசான எண்ணெய். ஒவ்வொரு பின்னேரமும் துடைச்சு ஒரு துளி விட வேணுமாம். எனக்குக் கண் சொருகிற நேரம் அது. நீங்க துடையுங்க."

அந்த மாலையிலிருந்து அவன் அந்திப்பூசை முடிந்து வந்ததும் துணியை எடுத்தான். காற்றில் ஏறிய அன்றைய உப்பையும் மணலையும் கண்ணி கண்ணியாகத் துடைத்தான், துளி விட்டான், மறுபடி துடைத்தான். எண்ணெய் ஊற்றிய நாட்களைவிட இது நெடிய வேலை.

பதினைந்தாம் நாள் ஜபார் வாசலில் காத்திருந்தார். கோசலா தம்மைக் கடந்து குளத்தடிக்குப் போன பிறகுதான் அவள் வந்ததே தமக்குத் தெரிந்தது என்று மர்ளியாவிடம் சொன்னாராம். பதினாறும் பதினேழும் அவ்வாறே கழிந்தன.

பதினெட்டாம் நாள் விடியலில் காற்றுச் சற்றே தணிந்திருந்தது. கோசலா முதல் மணிக்கு முன்னரே கோயிலை அடைந்து, இறுதிப் பூவை அம்மன் அடியில் வைத்தாள். பூசகர் அவள் கையின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு வெளியே வந்து, வேப்பமரத்தில் சாத்தியிருந்த வண்டியின் கயிற்றையும் அவிழ்த்தார். மறுபடி அம்மன் முன் வந்ததும், அங்கே காத்திருந்த யசோதரன் மடியிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்தான். ஊற்றாமல் மிஞ்சிய தீப எண்ணெய், அரைப் போத்தல். அதை அம்மன் முன் எரியும் விளக்கில் துளித்துளியாக வார்த்தான். சுடர் முதலில் தாழ்ந்தது. பின் நிமிர்ந்து நேராக நின்றது.

கோசலா கைகூப்பினாள். அவள் நகக்கண்களில் கழுவியும் போகாத கறுப்பு ஒரு கோடாக நின்றது. பிறருக்கு உதடு அசைவது மட்டும் தெரிய, அருகில் நின்ற யசோதரனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"தாயே, பூப் பறிச்ச கையும், வழி சொன்ன வாயும், மண் அரிச்ச கையும் நல்லாயிருக்கட்டும். கடலுக்குப் போறவை எல்லாரும் கரைக்கு வந்து சேரட்டும்."